நான் பார்க்காத கோல்கள்

போன வருடம் பள்ளிகளுக்கிடையிலான உதைபந்தாட்டப் போட்டிகள் தொடங்கக் கொஞ்ச நாள் இருக்கும்போது நடந்தது இது. இடம், பெரகலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து மைதானம். எங்கள் பள்ளிக்குச் சொந்த மைதானம் இல்லாததால் அங்கேதான் ஆடுவோம். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் சரிவு, சரிவு முழுக்கத் தேயிலை. பந்தைக் கொஞ்சம் பலமாக உதைத்துவிட்டால் அது செடிகளுக்குள் குதித்து, உருண்டு, கீழே தண்ணீர் ஓடும் கானுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அட்டைக்குப் பயந்து யாரும் இறங்கமாட்டார்கள். "நீ போ, நீ போ" என்று ஒருவரையொருவர் தள்ளிவிடுவதிலேயே பாதி ஆட்டம் போய்விடும்.

நான் பண்டாரவளை பஸ் ஒன்றில் நடத்துநர். படிக்கிற காலத்தில் பள்ளி அணியில் இருந்தேன். இருந்தேன் என்றால், பெஞ்சில் இருந்தேன். ஒரு நாள்கூட என்னை உள்ளே இறக்கவில்லை. அணி எத்தனையோ கோல் வாங்கியது. ஆனால் நான் காவல் காத்தவரை அந்தப் பெஞ்சுக்கு ஒரு கீறல் விழவில்லை. அந்த விசுவாசத்தில் இன்றுவரை முடிந்தமட்டும் ஒரு ஆட்டம் தவறவிடாமல் போய், பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற அதே தொண்டையில் கத்திக்கொண்டிருக்கிறேன்.

போட்டிப் பருவம் நெருங்கினால் அணியின் ரசிகர்களான எங்கள் ஆட்கள் கூடுவது என்னோடு படித்தவனின் சலூனில். கவலை நிறைய இருந்தது. கோல் காத்த பையன் உயர்தரப் பரீட்சை முடித்துக் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான். புதிதாக வந்தவன் ஒல்லி. பலமாகக் காற்றடித்தால் பந்துக்கு முன்னால் அவனே வலைக்குள் போய்விடுவான். நம்பிக்கை என்றால், இடது காலால் உதைக்கிற ஒரு புதுப் பையன், பிறகு எங்கள் வழக்கமான பூசை. புதுப் பந்து வாங்கினால் முதலில் கோயிலுக்குக் கொண்டுபோய்க் குங்குமம் வைப்போம். அடுத்து மாதா கோயிலில் தீர்த்தம். கடைசியாக ஹார்ட்வேர் கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்கள் நானா, பந்தைக் கையில் வாங்கி ஒரு துஆ ஓதிக் கொடுப்பார். அந்தப் பந்துக்குக் கிடைத்த ஆசீர்வாதத்தில் கால்வாசி எனக்குக் கிடைத்திருந்தால் இந்நேரம் பஸ் முதலாளி ஆகியிருப்பேன்.

இவ்வளவும் செய்தும் முந்தைய பருவத்தில் தோற்றோம் என்றால், தப்பு வேறு எங்கேயோ இருக்கவேண்டும் அல்லவா? அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

எனக்கு முடி வெட்டிக்கொண்டிருந்த சலூன்காரன் கத்தரிக்கோலை என் காதோரம் நிறுத்தினான்.

"மச்சான், ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"கத்தரிக்கோல் ஒன் கையில இருக்கு. நான் எப்பிடிடா கோவிப்பேன்?"

"இந்த வருசம் நீ கிரவுண்டு பக்கம் வராத."

சிரித்தேன். கண்ணாடியில் பார்த்தால் வேறு யாரும் சிரிக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த நானா மெதுவாகச் சொன்னார்: "தம்பி, ஒங்கட மேல எங்களுக்குக் கோவம் ஒன்டும் இல்ல. ஒங்கட ராசிதான் சரியில்ல."

சாட்சியும் வைத்திருந்தார்கள். ஒரு தடவை இரண்டு கோல் முன்னால் இருந்தோமாம். நான் பஸ்ஸை விட்டு இறங்கி மைதானத்துக்கு வந்து சேர்வதற்குள் சமனாகிவிட்டதாம். பஸ் உடைந்து நான் வராத ஒரே நாளில் ஜெயித்தோமாம். யோசித்துப் பார்த்தேன். உண்மைதான்! அதுதான் கூடுதலாக வலித்தது. அன்றைக்குப் பாதி வெட்டிய தலையோடு எழுந்து போயிருப்பேன், பயணிகள் சிரிப்பார்களே என்று உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை பண்டாரவளை அணி ஒன்றோடு பயிற்சி ஆட்டம். வீட்டில் இருக்கத்தான் நினைத்தேன். கால் கேட்கவில்லை. மேல் பாதையில் போனால் பார்த்துவிடுவார்கள் என்று கீழ்ப் பாதையால் போய், தேயிலைக்குள் குனிந்துகொண்டேன். தலையைத் தூக்கியபோது எதிரே கூடையோடு ஒரு பெண்.

"என்னங்கண்ணே, கொழுந்து களவெடுக்க வந்தீங்களா?"

"இல்ல தங்கச்சி, மேட்ச் பாக்க வந்தேன்."

"மேட்சு மேலல்ல நடக்குது?"

"அங்க எனக்குத் தடை. நான் பாத்தா தோத்துருவாங்களாம்."

அவள் மற்றப் பெண்களைக் கூப்பிட்டு அதைச் சொன்னாள். அந்த மலையே சிரித்தது.

அங்கிருந்து ஆட்டம் ஒரு துளி தெரியாது. சத்தம் மட்டும்தான். விசில் கேட்கும், உதை கேட்கும், எங்கள் ஆட்கள் "ஐயோ" என்பது அடிக்கடி கேட்கும். ஒரு கோல் வாங்கிவிட்டோம் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. பந்து வந்து விழுந்தது. எடுத்து மேலே எறிந்தேன். மறுபடி விழுந்தது. எறிந்தேன். காலில் அட்டை ஏறியது. வாயைத் திறக்கவில்லை. பண்டாரவளை ரோட்டில் என் குரலைத் தெரியாதவன் கிடையாது.

மேலே யாரோ கேட்டார்கள்: "யாருப்பா அது, பந்த இவ்வளவு வெரசா எறியிறது?"

"கொழுந்தெடுக்கிற பொம்பளைங்களா இருக்கும்."

பிறகு மிஸ்ட் இறங்கி மைதானத்தையும் தேயிலையையும் வெள்ளையாக மூடியது. கடைசி நேரத்தில் பந்து வெளியே போனது, உள்ளே எறியும் வாய்ப்பு எங்கள் அணிக்குத்தான்; ஆனால் பந்து எங்கேயோ விழுந்து தொலைந்துவிட்டது. செடி செடியாகத் தடவினேன். "நேரம் போவுதுப்பா!" என்று மேலே ஓலம். அப்போது அந்தப் பெண்ணின் குரல்: "அண்ணே, இடது கைப் பக்கம்! கானுக்குள்ள!"

பாய்ந்தேன். பாய்ந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, விழுந்தேன். இடுப்புவரை சேறு. பந்தை எடுத்து, மேலே ஓலம் கேட்ட திசைக்கு எறிந்தேன். எதிரணி திரும்பி நிற்பதற்குள் எங்கள் பையன் உள்ளே எறிந்திருக்கவேண்டும். ஒரு உதை கேட்டது. பிறகு மலை அதிர ஒரு கத்தல்.

என்னை மறந்து நானும் கத்திவிட்டேன்: "கோ...ல்! ரைட், போலாம்!"

மேலே விளிம்பில் தலைகள் எட்டிப் பார்த்தன.

"டேய்! நீயா?"

ராசி கெட்டவன் அகப்பட்டுவிட்டான், இனி அடுத்த கோல் நம் வலைக்குள்தான் விழும் என்று நானே நம்பி, போகத் திரும்பினேன். நானா பதறிக் கத்தினார்: "தம்பி! போக வேணாம்! அங்கேயே நில்லுங்க, அசைய வேணாம்!"

நின்றேன். இடது கால் பையன் இன்னொன்று போட்டான். அதையும் நான் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் சலூன்காரன் இறங்கி வந்து என் காலில் இருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னான்: "கெட்டது ஒன் ராசி இல்லடா, ஒன் கண்ணு. நீ வா. பாக்காம இரு, அது போதும்."

அந்தப் பருவம் முழுக்க அங்கேதான் நின்றேன். கோப்பை கிடைத்ததா என்று கேட்காதீர்கள். அரையிறுதிவரை போனோம். அரையிறுதி நடந்தது சமதரை மைதானத்தில். கீழே நிற்க இடமில்லை. நான் பார்த்தேன். தோற்றோம்.

இப்போது மறுபடியும் பருவம் வருகிறது. ஒல்லிப் பையன் கொஞ்சம் சதை போட்டிருக்கிறான் என்பது இந்த வருட நம்பிக்கை. இடது கால் பையனுக்குப் பரீட்சை என்பது கவலை. நேற்று பந்துக்கு துஆ ஓதிய கையோடு நானா எனக்கும் ஒரு சவர்க்காரக் கட்டி தந்தார், அட்டை ஏறாமல் காலில் பூசிக்கொள்ள. பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்தில் பந்து ஒரு நாளும் என் பக்கம் வந்ததில்லை. இப்போது ஒவ்வொரு ஆட்டத்திலும் அது மலையிறங்கி என்னைத் தேடி வருகிறது என்பதை நினைத்தால், பார்க்காத கோல்கள் ஒன்றுக்காகவும் நான் வருத்தப்படுவதில்லை.