அக்காவின் முழங்காலும் என் கடை எண்ணெயும்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. திதிக்கு நேரில் வந்திருப்பவர்களுக்கும், வர முடியாமல் தபாலில் இந்த நினைவு மலரைப் பெற்றிருப்பவர்களுக்கும், அக்காவுடன் பிறந்த ஒரே தம்பி வணக்கத்துடன் எழுதுகிறேன். அட்டைப்படத்துக்கான புகைப்படத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இந்தக் கட்டுரையை மட்டும் மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்துப்போட்டேன். கிழித்த மூன்றிலும் அக்கா ஆய்க்குடியில் பிறந்தார், பாடுபட்டார், எல்லோரிடமும் அன்பாக இருந்தார், ரப்பர் பட்டை கட்டி உடற்பயிற்சி செய்யப்போய் விழுந்து காலமானார். நீங்கள் எல்லோரும் அறிந்திருக்கும் கதையும் அதுதான். அதைப் பரப்பியவன் நான். அதில் ஒரு பாதி உண்மை இல்லை.

முதலில் அக்காவின் வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறேன். ஆய்க்குடியில் நெல் விவசாயம் செய்த குடும்பத்தில் அக்கா மூத்தவர், நான் ஏழு வயது இளையவன். எனக்கு எட்டு வயதாகும்போது அப்பா தவறிவிட்டார். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு வயலுக்கு இறங்கினார். நடவு, களையெடுப்பு எல்லாம் குனிந்து செய்கிற வேலைகள். செங்கோட்டையில் அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். பிள்ளைகள் இல்லை. அத்தானும் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் வேலை கிடைத்து, ஓய்வு பெறும்வரை அதிலேயே இருந்தார். கொதிக்கிற சோற்று அண்டாவை இறக்குவதும், தரையில் உட்கார்ந்து கூடை கூடையாகக் காய் நறுக்குவதும், மறுபடி எழுந்து ஓடுவதுமாக அத்தனை வருடங்கள். அவர் முழங்கால்கள் எங்கே தேய்ந்தன என்று எக்ஸ்ரே எடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை.

ஓய்வுக்குப் பிறகு தென்காசியில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். அக்கா ஓர் இடத்தில் சும்மா இருக்கிற ஆள் இல்லை. வாயும் சும்மா இருக்காது. தெருவில் போகிறவரை நிறுத்தி வைத்துக் கேலி பேசுவார், அவர்களும் சிரித்துக்கொண்டே போவார்கள். ஆனால் நாற்காலியிலிருந்து எழுவதென்றால் மட்டும் முகம் மாறிவிடும். நானோ என் மனைவியோ அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். "பிறந்த பிள்ளையத் தூக்குத மாதிரி தூக்குதீங்களே" என்று சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஆய்க்குடி முருகன் கோயிலுக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போய்வர வேண்டும். யார் கையையும் பிடிக்காமல் அந்தப் பஸ் படியில் ஏற வேண்டும்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். குற்றாலம் மெயின் அருவிக்குப் போகிற வழியில் மூலிகை எண்ணெய்க் கடை. சீசனுக்கு வருகிறவர்களிடம் மூட்டுவலி எண்ணெயை எடுத்துக்காட்டிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்துவதில்லை. ஆனால் என் வீட்டிலேயே மூட்டுவலியோடு ஒருவர் இருந்தார். வருடக்கணக்கில் என் எண்ணெயைத் தடவியும் அவர் எழ முடியாமல்தான் இருந்தார். அது என் கண்ணில் படவே இல்லை.

டாக்டர் அறுவை சிகிச்சையைப் பிறகு பார்க்கலாம், முதலில் பயிற்சி செய்யுங்கள் என்றார். அப்படித்தான் பிசியோதெரபிஸ்ட் ஜெபா எங்கள் தெருவுக்கு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். செவ்வாயும் வெள்ளியும் தெருமுனைச் சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, அக்காவையும் சேர்த்து ஒன்பது பேரை உட்கார வைத்தார். ஒன்பது பேருக்கும் மூட்டில் ஏதோ ஒரு கோளாறு. ஆளுக்கொரு மஞ்சள் நிற ரப்பர் பட்டை கொடுத்தார். அதைப் பாதத்தில் மாட்டிக் காலை நீட்ட வேண்டும், இரண்டு முழங்கால்களையும் சுற்றிக் கட்டிக்கொண்டு தொடைகளை விரிக்க வேண்டும், ஜன்னல் கம்பியில் கட்டிக் கையால் இழுக்க வேண்டும். இழுக்கும்போது இரண்டு எண்ணச் சொல்வார். விடும்போது நான்கு எண்ண வேண்டும். மஞ்சள் லேசாகிவிட்டால் சிவப்பு, அதுவும் லேசானால் பச்சை.

முதல் நாள் நான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். "ஏம்மா, இந்த ரிப்பனை இழுத்தா தேஞ்ச மூட்டு வளந்திருமா?" என்று கேட்டேன். கூடம் முழுக்கச் சிரித்தது.

ஜெபா கோபப்படவில்லை. "மூட்டு வளராது அண்ணாச்சி. மூட்டைச் சுத்தி இருக்க சதைக்குப் பலம் வரும். சதை தாங்கிக்கிட்டா மூட்டுக்குப் பாரம் குறையும்" என்றார். பிறகு எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். "ஒரே ஒரு விஷயம். இதுல எண்ணெய் மட்டும் பட விட்ராதீங்க. பட்டா ரப்பர் இத்துப்போயிரும், இழுக்கையில அந்துரும். எண்ணெய் தேய்க்கணும்னா சாயங்காலம் தேய்ங்க. காலைல சோப்புப் போட்டுக் கழுவிட்டு இதைத் தொடுங்க."

குற்றாலத்தில் எண்ணெய் விற்கிறவனிடம் எண்ணெய் ஆகாது என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்? எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம், "அந்தப் பிள்ளைக்கு என்னக்கா தெரியும், துருப்பிடிச்ச தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுத்தான இழுக்கோம்?" என்றேன். மறுநாள் காலையிலேயே கடை எண்ணெயைச் சுடவைத்து அக்கா முன் வைத்தேன். அதைத் தேய்த்துவிட்டுத்தான் பட்டையை எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினேன். அக்கா ஒரு தடவை தயங்கினார். "அந்தப் பிள்ள வேண்டாம்னுல்லா சொல்லிச்சு" என்றார். தம்பி வீட்டில் இருக்கிறவர் எத்தனை தடவைதான் மறுத்துப் பேசுவார். பிறகு தினமும் தேய்த்தார். நான் ஆசையாகத்தான் கொடுத்தேன். அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள இப்போது எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது மாதம் அக்கா நாற்காலியிலிருந்து தானாக எழுந்தார். எழுந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்து காட்டினார். ஒரு கிருத்திகை அன்று நான் துணைக்குப் போக, தென்காசி பஸ் நிலையத்தில் ஆய்க்குடி பஸ் வந்து நின்றது. பழக்கத்தில் கை கொடுத்தேன். "கைய எடுலே" என்று என் கையில் ஓர் அடி வைத்தார். கம்பியைப் பிடித்து ஒரு காலை வைத்தார், மூச்சை விட்டார், மறு காலை வைத்தார். உள்ளே போய் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம், "ரெண்டு வருசமாச்சு, நானா ஏறி" என்றார். கோயிலில் என்ன வேண்டினார் என்று எனக்குத் தெரியாது. வருகிற வழியெல்லாம் ஜெபாவைப் பற்றித்தான் பேசினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாள் கடையில் நின்று, "எங்க அக்காவே சாட்சி, நம்ம எண்ணெயத் தேச்சுத்தான் பஸ் ஏறுனா" என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னேன். சீசன் முழுக்கச் சொன்னேன்.

அந்தச் சீசனில்தான் அது நடந்தது. அக்கா அப்போது பச்சைப் பட்டைக்கு வந்திருந்தார். ஒரு நாள் காலையில் பட்டையை என்னிடம் நீட்டினார். "ஏலே, இது பிசுபிசுன்னு ஒட்டுது. ஓரத்துல கீறல் மாதிரியும் தெரியுது. ஜெபாட்ட வேற ஒண்ணு கேக்கட்டுமா?"

கையில் வாங்கிப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. எண்ணெய் வியாபாரிக்கு எண்ணெய் வாடை தெரியாதா? ஆனால் ஜெபாவிடம் கேட்டால் எண்ணெய் போட்டது தெரிந்துவிடும், அத்தனை பேர் முன்னால் அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். "இப்ப கேக்காதக்கா. கடையில கூட்டம் குறையட்டும், நானே வாங்கித் தாரேன்" என்று சொல்லி, பட்டையைத் துணியால் துடைத்துக் கொடுத்துவிட்டேன். அதற்கு மறுநாளும் எண்ணெயைச் சுடவைத்தேன்.

மூன்றாம் நாள் காலை. அக்கா உள்ளறை ஜன்னல் கம்பியில் பட்டையைக் கட்டி, நின்றபடி இழுத்துக்கொண்டிருந்தார். எண்ணுகிற சத்தம் எனக்கு முன்னறையில் கேட்டது. ஒன்று என்றார். இரண்டு வரவில்லை. விழுந்த சத்தம்தான் வந்தது. என் மனைவி ஓடி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். முதலில் செய்தது போன்தான் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஆம்புலன்ஸ் வருவதற்குள், ஜன்னல் கம்பியிலிருந்த முடிச்சை அவிழ்த்தேன். அக்காவின் கையிலிருந்த மறு பாதியையும் வாங்கி, இரண்டையும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அக்கா தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று மாலையே அதைக் கடைக் குப்பையோடு போட்டுவிட்டேன்.

திருநெல்வேலியில் இடுப்பு எலும்புக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பார்க்க வந்த உங்களிடம், "அந்த பிசியோ குடுத்த ரப்பர் அந்து விழுந்துட்டா" என்றேன். அது பொய்யில்லை. அதனால்தான் எனக்குச் சொல்ல எளிதாக இருந்தது. ஒருவர் பத்துப் பேருக்குச் சொல்ல, ஒரே வாரத்தில் சமுதாயக் கூடம் காலியாயிற்று. மகன்களும் மருமகள்களும் வீட்டுப் பெரியவர்களைத் தடுத்துவிட்டார்கள். தெருமுனைத் தையல்கடை அண்ணாச்சியின் பட்டையை அவர் மருமகள் தண்ணீர்க் குழாயைக் கட்ட எடுத்துக்கொண்டார். அப்போது அந்த அண்ணாச்சி கடைவரை நடந்து வந்துகொண்டிருந்தார். இன்று வாசற்படி தாண்டுவதில்லை.

அக்காவை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார், படுக்கப் போடக் கூடாது, வாக்கர் பிடித்து எழுப்பி நிறுத்திப் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்று. மறுநாளே ஜெபா வந்தார். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தார். வீட்டில் அப்போது சொந்தக்காரர்கள் இருந்தார்கள். உள்ளே விட்டால் பட்டையைக் காட்டுங்கள் என்று கேட்பார். அந்தப் பயத்தில் வாசலிலேயே நிறுத்தி, "நீங்க செஞ்ச வரைக்கும் போதும்மா, இனி எங்க அக்காவத் தொட வேண்டாம்" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "ஆச்சிய ஒரு தடவை பாத்துட்டுப் போயிருதேன் அண்ணாச்சி" என்று கேட்டார். விடவில்லை.

உள்ளே போனதும் அக்கா கேட்டார். "எதுக்குலே அந்தப் பிள்ளைய வெரட்டுன?"

"அப்புறம் பேசுவோம்க்கா."

"நான் சொன்னா நீ பொய்யனாயிருவ. அதனாலதான் வாய மூடிட்டுக் கெடக்கேன். நீயே போய்ச் சொல்லிரு. சொல்லி அவளக் கூட்டிட்டு வா. நான் எந்திரிக்கணும்லே."

சரி என்றேன். அடுத்த வாரமும் கேட்டார், சரி என்றேன். ஜெபாவுக்குப் பதிலாக என் கடைக்குத் தெரிந்த ஒருவரை வரவழைத்து எண்ணெய் தேய்க்க வைத்தேன். நான்கு மாதம் படுக்கையிலேயே இருந்தார். கடைசி மாதத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். முதுகில் புண் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது, போய்விட்டார். ஜெபா வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று எந்த டாக்டரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அக்காவை ஒரு தடவை எழுப்பி நிற்க வைத்தவர் ஒருவர்தான் இருந்தார். என் மானம் போய்விடும் என்று அவரை வாசலோடு அனுப்பியவன் நான்.

இந்த நான்காவது பிரதியைக் கிழிக்கவில்லை. போன வாரம் தென்காசியில் ஜெபா வேலை செய்யும் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். அச்சுக்குப் போகும் முன் நீங்கள் படிக்க வேண்டும் என்றேன். நின்றபடியே முழுவதும் படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் எனக்கும் லேசாக இருந்திருக்கும்.

"எண்ணெய் பட்டுட்டுன்னு சொல்லிருந்தா வேற குடுத்திருப்பேனே அண்ணாச்சி" என்றார். "எம் பையில எப்பவும் ரெண்டு மூணு கூடுதலாக் கெடக்கும். எல்லாருக்கும் எண்ணெய் படும். நான் மாத்திக் குடுத்துக்கிட்டேதான் இருப்பேன்."

அவ்வளவுதான் அந்த விஷயம். இரண்டு நிமிட வேலை.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூடத்துக்கு ஆட்கள் வந்தால் செவ்வாய், வெள்ளி பழையபடி வருகிறேன் என்று மட்டும் சொன்னார். அக்காவுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டருக்கும், செவிலியர்களுக்கும், நான்கு மாதமும் முகம் சுளிக்காமல் அக்காவைத் துடைத்து, மாற்றிப் படுக்கவைத்த என் மனைவிக்கும், தேர் கட்டித் தோள் கொடுத்த தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் வீட்டுப் பெரியவர்களைத் திரும்பக் கூடத்துக்கு அனுப்பினால் அதையும் அக்காவுக்குச் செய்த உதவியாக எடுத்துக்கொள்வேன்.

திதிக்கு ஜெபாவையும் அழைத்திருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்களில் பலர் என் பேச்சை நம்பி அவரைத் தெருவில் கண்டும் காணாமல் போயிருக்கிறீர்கள், ஓரிருவர் நேரிலேயே ஏசியும் இருக்கிறீர்கள். அன்று என்னிடம் துக்கம் விசாரிக்க வராதீர்கள். முதலில் அவரிடம் போய் ஒரு வார்த்தை பேசுங்கள். உண்மையைச் சொல்லி அவரைக் கூட்டிட்டு வா என்பது ஒன்றுதான் அக்கா என்னிடம் கேட்டது. அவர் உயிரோடு இருந்தவரை நான் செய்யவில்லை.

இப்படிக்கு,
தம்பி