பருந்தின் மேல் விழுந்த பழி

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழைக்காலம் முடிந்து வெயில் தலைகாட்டத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை காலையில், திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் இது நடந்தது.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. சமையலறையை ஒட்டித் துணி காயப்போட ஒரு சின்ன பால்கனி உண்டு. அதன் சன்ஷேடுக்கு அடியில் குளவி கூடு கட்டியிருந்தது. முதலில் பார்த்தபோது எலுமிச்சம்பழம் அளவுதான். அலுவலக வேலையில் அதை மறந்தே போனேன். இரண்டு மாதத்தில் பெரிய தேங்காய் அளவுக்கு வளர்ந்து, மண் நிறத்தில் வரிவரியாகத் தொங்கியது. இந்த ஊரில் குளவியைக் கடந்தல் என்பார்கள். கடந்தல் கொட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று பத்திரிகையில் அவ்வப்போது செய்தி வரும். படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் சொன்னேன். கூட்டை எடுக்கத் தெரிந்த ஆள் திங்கட்கிழமை வருவார், அதுவரை அந்தக் கதவைத் திறக்காதீர்கள் என்றார். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு குளவி சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்து என் ஒன்பது வயது மகளின் மணிக்கட்டில் கொட்டிவிட்டது. கை வீங்கிப்போய் அவள் அழுத அழுகையைக் கேட்டதும் எனக்குள் ஒரு வெறியே வந்துவிட்டது.

மறுநாள் காலை மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு கரமனையில் இருக்கும் தன் அப்பா அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "அந்த ஆள் வர்ற வரைக்கும் கையை வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்றாள். சரி சரி என்று தலையாட்டினேன். லிஃப்ட் கதவு மூடியதுமே கடைக்கு ஓடிப் பூச்சி மருந்து ஸ்பிரே இரண்டு டின் வாங்கி வந்தேன். செல்போனில் இரண்டு வீடியோ பார்த்தேன். மழைக்கோட்டு, பைக் ஹெல்மெட், பாத்திரம் கழுவும் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று ஒரு செல்ஃபிகூட எடுத்தேன். கூட்டை ஒழித்த பிறகு மனைவிக்கு அனுப்பலாம் என்று நினைப்பு.

பால்கனிக் கதவை ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்து, டின்னை நீட்டி விடாமல் அடித்தேன். நாலைந்து குளவிகள் பொத்தென்று விழுந்தன. அப்புறம் மொத்தக் கூடும் உறுமியது. உண்மையிலேயே உறுமல்தான். மருந்தில் நனைந்து ஊறிய கூட்டின் பாதி பிய்ந்து, தண்ணீர்க் குழாயில் மோதிக் கீழே போனது. புகை மாதிரி ஒரு கூட்டம் அதன் பின்னாலேயே இறங்கியது. நான் கதவைச் சாத்திவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். சிரிப்பு வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கீழேயிருந்து அலறல் கேட்டது.

எங்கள் பால்கனிக்கு நேர் கீழேதான் குடியிருப்பின் பிளாஸ்டிக் கழிவைப் பிரிக்கும் இடம். மாதம் ஒருமுறை பச்சைக் கோட்டு போட்ட இரண்டு பெண்கள் வந்து, வீடுவீடாகக் கழிவை வாங்கி, அங்கே உட்கார்ந்து பிரித்து மூட்டை கட்டுவார்கள். ஒருவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மார்த்தாண்டம் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர், அதனால் எங்களிடம் தமிழில் பேசுவார். கூட வருபவர் முப்பது வயது உள்ளூர்ப் பெண். அன்றைக்கு அவர்கள் வருகிறார்கள் என்று காலையிலேயே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருந்தது. நானும் படித்திருந்தேன். மருந்தடிக்கும் முன் குனிந்து கீழே ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

கார் சாவியையும் கட்டிலில் கிடந்த போர்வையையும் அள்ளிக்கொண்டு படிகளில் ஓடினேன். மூத்தவர் கார் நிறுத்துமிடத்துச் சரிவில் குப்புற விழுந்து கிடந்தார். தலையைச் சுற்றிக் குளவி மொய்த்தது. இளையவர் காலிச் சாக்கால் விசிறிக்கொண்டே கத்தினார். காவலாளி தன் அறைக்குள் கதவை அடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக, "ஓடு, ஓடு" என்று கூவினார். நான் போர்வையை மூத்தவர் மேல் போட்டுச் சுருட்டி, அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். மழைக்கோட்டு இருந்தும் கழுத்தில் இரண்டு, முழங்கையில் ஒன்று கொட்டியது. நெருப்புக் கம்பியை வைத்த மாதிரி இருந்தது. எப்படியோ இருவரையும் என் காரின் பின்சீட்டில் தள்ளிக் கதவை அடைத்தேன்.

அவர்களோடு மூன்று குளவிகளும் உள்ளே வந்துவிட்டன. ஒன்று என் ஹெல்மெட் கண்ணாடியில் முட்டி முட்டி ஊர்ந்தது. எல்லா ஜன்னலையும் இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

"தொண்டை அடைக்குது சாரே... மூச்சு கிட்டல்ல..." என்றார் மூத்தவர். குரல் ஆண்குரல் மாதிரி கரகரத்திருந்தது. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன். உதடு இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. முகமெல்லாம் சிவந்த தடிப்பு. திடீரென்று வாந்தி எடுத்தார். அப்புறம் தலை தொங்கிவிட்டது.

"சேச்சி! கண்ணு தொறக்கு சேச்சி! என்னை நோக்கு!" இளையவர் அவர் கன்னத்தில் தட்டினார். அடுத்த நொடி என் தோளைப் பிடித்து உலுக்கினார். "வேகம் போ சாரே, வேகம்!"

எங்கே வேகமாகப் போவது? சர்வீஸ் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். அன்று முகூர்த்த நாள். கார்கள், வேன்கள், நடுரோட்டில் திரும்ப முயலும் ஒரு சுற்றுலா பஸ். ஹாரனை அழுத்திப் பிடித்தேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் இளையவர் அழ ஆரம்பித்துவிட்டார். ஒரு மனுஷியைக் கொன்றுவிட்டோம் என்ற எண்ணம் முதன்முதலாக அங்கேதான் வந்தது.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "எந்தா சாரே?"

"கடந்தல் குத்தி! ஆளு போறா அண்ணா!" என்று இளையவர் கத்தினார்.

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. தன் ஆட்டோவில் இருந்த பயணியைக் கையெடுத்துக் கும்பிட்டு இறக்கிவிட்டார். "என்ட பின்னாலே வா சாரே. ஹாரன் நிறுத்தண்டா, அடிச்சோண்டே வா" என்று சொல்லிவிட்டு ஆட்டோவை எதிர்ப்பக்கத்தில் ஏற்றினார். ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறுகையில் தோள்துண்டை வீசி, வருகிற வண்டிகளையெல்லாம் அதட்டி ஒதுக்கினார். அந்தச் சுற்றுலா பஸ்ஸின் முன்னால் இறங்கி நின்று அதைப் பின்னுக்கு எடுக்க வைத்ததும் அவர்தான். ஆஸ்பத்திரி வாசலில் நான் காரை நிறுத்தும்போது அவர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். நன்றி சொல்லத் திரும்பியபோது ஆளைக் காணோம்.

அவசரப் பிரிவில் இருந்தவர் இளம்பெண் டாக்டர். ஒரே பார்வையில் புரிந்துகொண்டு தொடையில் ஊசி போட்டார். ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. ஆக்சிஜன், சலைன். நான் திரைக்கு வெளியே ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன். உள்ளே ஒரு நர்ஸ் கொட்டிய இடங்களை எண்ணுவது கேட்டது. முப்பதைத் தாண்டியது.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். விழுந்திருந்த ரத்த அழுத்தம் திரும்ப ஏறுகிறது, ஆனால் இத்தனை கொட்டு என்றால் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், இரண்டு மூன்று நாள் பார்க்கணும் என்றார். பிறகு கேட்டார்: "கூட்டை யாராவது கலைச்சாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இளையவர் பதில் சொல்லிவிட்டார். "பருந்து கொத்தியிருக்கும் டாக்டரே. இங்க எப்பவும் பருந்துதானே இளக்கி விடும்." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். பயம்தான். போலீஸ், கேஸ், அலுவலகம் என்று ஒரு நொடிக்குள் என்னென்னவோ ஓடிவிட்டது.

மதியம் மூத்தவரின் மகள் வந்தார். மூத்தவரின் புருஷன் கொத்தனார் வேலைக்குக் கொல்லம் போயிருக்கிறாராம். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா எனக்க அம்மையை இன்னைக்குப் பாத்திருக்க மாட்டேன் சார்" என்று அழுதார். சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் என் படத்தைப் போட்டுப் பாராட்டு மழை. தன் உயிரைப் பணயம் வைத்தவர் என்று செயலாளர் எழுதியிருந்தார். கைதட்டும் கைகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. அதையும் அடக்கம் என்று பாராட்டினார்கள்.

மனைவி வீட்டுக்கு வந்ததும் பால்கனிக் கதவோரம் உள்ளே உருண்டு கிடந்த ஸ்பிரே டின்னை எடுத்துப் பார்த்தாள். "அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன். டின்னை அதே இடத்தில் வைத்துவிட்டு, மகளைப் படுக்க வைக்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் இருந்தபோது அந்த மகளிடமிருந்து போன். குரல் உடைந்திருந்தது. "அம்மைக்கு மூத்திரம் கறுப்பாட்டு போவுது சார். கிட்னி ரிசல்ட் மோசமாம். டயாலிசிஸ் வேண்டி வருமோன்னு டாக்டர் சொல்லுதாவ. வேற எதாவது மருந்து, விஷம் மேல பட்டுதான்னு கேக்காவ. கூடு விழுந்தப்போ பூச்சி மருந்து வாடை அடிச்சுன்னு அம்மை சொல்லுது. நீங்க பக்கத்துல இருந்தீங்களே, உங்களுக்கு எதாவது தெரியுமா?"

"வர்றேன்மா" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்குப் போய் டின்னை ஒரு பையில் போட்டுக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரின் மேஜைமேல் அதை வைத்தேன். "பருந்து இல்ல டாக்டர். நான்தான்."

அவர் டின்னில் எழுதியிருந்ததைப் பொறுமையாகப் படித்தார். யாருக்கோ போன் போட்டுப் பேசினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில், "இதனால இருக்க வாய்ப்பு குறைவு, குளவி விஷம்தான் காரணம். ஆனா நான் அதைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்றது வேற, தெரியாம இருட்டுல தேடுறது வேற. முதல் நாளே சொல்லியிருக்கணும்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

பிறகு வார்டுக்குப் போனேன். மூத்தவரின் ஒரு கண் இன்னும் திறக்கவில்லை. கட்டிலோரம் மகள் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணாடி முன்னால் எடுத்த படத்தைக்கூட மறைக்கவில்லை. மகள் எழுந்து, என்னைத் தாண்டி, வெளியே போய்விட்டார்.

மூத்தவர் அந்தக் கரகரத்த குரலில் சொன்னார்: "ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே சாரே. 'கீழ ஆளு உண்டா?'ன்னு ஒரே ஒரு சத்தம். நாங்க மாறி நின்னிருப்போமே."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "பருந்துன்னு சொன்னப்போ நீங்க வாயைத் தெறந்து ஒண்ணும் மிண்டாம நின்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று மத்தியானமே வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எழுதினேன். கைதட்டல்கள் நின்றன. சிலர் திட்டினார்கள். நான் எதற்கும் சமாதானம் சொல்லவில்லை.

அடுத்த மூன்று நாளும் ரிசல்ட் வரும் நேரத்துக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நின்றேன். மகள் என்னைப் பார்க்காமலே கடந்து போவார். புதன்கிழமை காலை ரிசல்ட்டில் ரத்தத்தின் உப்பு அளவு மேலே ஏறாமல் நின்றது. வியாழக்கிழமை இறங்கத் தொடங்கியது. டயாலிசிஸ் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும், அந்த மகள் முதன்முறையாக என் பக்கம் வந்து, "குறைஞ்சிருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

இரண்டு மாதம் கழித்து மூத்தவர் வேலைக்குத் திரும்பினார். எங்கள் வீட்டை விட்டுவிட்டுப் போவார் என்று நினைத்திருந்தேன். மணி அடித்தது. கதவைத் திறந்தால் பச்சைக் கோட்டோடு நிற்கிறார். பிளாஸ்டிக் பையை வாங்கி உள்ளே பார்த்து, "பால் கவர் கழுவாம போட்டிருக்கு சாரே, கழுவித் தரணும்" என்றார். வாங்கிக் கழுவிக் கொடுத்தேன். சரி என்று தலையசைத்து அடுத்த வீட்டு மணியை அடித்தார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த சமாதானம்.

இன்றும் யாராவது என்னை நல்ல மனுஷன் என்று சொன்னால் சட்டென்று சந்தோஷப்பட முடிவதில்லை. இவருக்குத் தெரியாமல் நான் எதையாவது மறைத்து வைத்திருக்கிறேனா என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.