வாசலில் நின்ற இலுப்பை மரம்

விகாராபாத் காட்டோரத்தில் நானும் என் அண்ணனும் சேர்ந்து மரத்தால் ஒரு வீடு கட்டினோம். சனி ஞாயிறுகளில் செகந்திராபாத், குகட்பள்ளி இரைச்சலை விட்டு இரண்டு குடும்பமும் அங்கே போய்த் தங்குவதாகப் பேச்சு. வாசலில் நின்ற இலுப்பை மரத்தைப் பார்த்துத்தான் நான் அந்த இடத்துக்கே சம்மதித்தேன்.

ஒரு சனிக்கிழமை நான் போய் இறங்கியபோது மரம் இல்லை. அந்த இடத்தில் கார் நிறுத்தத் தளம் போடச் சொல்லி அண்ணன் கொத்தனாரிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"என்னைக் கேக்காம எப்படி வெட்டினே?"

"பாம்பு வருது. இலைக் குப்பை வேற. நக்கோ, வேணவே வேணாம் அந்தத் தொல்லை."

"மரம் நக்கோன்னா காட்டுக்கு எதுக்கு வந்தே? உன் குகட்பள்ளி பிளாட்லயே கிடந்திருக்கலாமே."

"உனக்கு எதுக்கெடுத்தாலும் சண்டைதான்" என்று சொல்லிவிட்டு அவன் கொத்தனார் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான் கொண்டுபோன சாப்பாட்டை அன்று அவனுக்குக் கொடுக்கவில்லை. அதன்பிறகு ஒரு வாரம் அவன், ஒரு வாரம் நான் என்று முறை வைத்துக்கொண்டோம். என் பங்கை விற்றுவிடும்படி அண்ணியை விட்டுக் கேட்டான். முடியாது என்றேன்.

இப்போது முன்னறையில் வெயில் நேராக அடிக்கிறது. அங்கே இருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. ஆனாலும் என் முறைக்குத் தவறாமல் போகிறேன். போகாவிட்டால் அந்த வாரமும் அவன் வந்து உட்கார்ந்துகொள்வான்.