ஜெசிந்தா நம்பிய மூன்று வரிகள்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் ஜெசிந்தாவின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருக்கிறது. கெடார் கிராமத்தில் களை எடுத்தும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பறித்தும் அவளைப் பாலிடெக்னிக் வரை படிக்கவைத்தவள் அம்மா அஞ்சம்மாள். ஜெசிந்தாவுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. கைராசிக்காரி என்று பெயர். கூடவே கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதை அவளே மறுக்கமாட்டாள்.

தலைக்கனத்துக்குக் காரணம் ஒரு புரோகிராம். விழுப்புரத்தில் பார்வையற்ற பெண்கள் படிக்கும் பள்ளி ஒன்றில் பிரெய்ல் அச்சு எந்திரம் இருந்தது. அதை இயக்கும் மென்பொருள் முப்பது வருடப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் மட்டுமே ஓடும். அது புகைந்து செத்தபோது, லேப்டாப்பையே அந்தப் பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கவைக்கும் எமுலேட்டர் ஒன்றை ஜெசிந்தா ஆறு மாதம் மல்லுக்கட்டி எழுதினாள்.

அதில் மூன்று வரிகள் மட்டும் குறுக்குவழி. பழைய கம்ப்யூட்டரின் கடிகாரத் துடிப்புகளை எண்ணிக்கொண்டே போகும் எண், எல்லையைத் தாண்டினால் ஸ்கூட்டர் மீட்டர் போலச் சுழன்று அடிக்கு வந்துவிடும் என்று நம்பி எழுதியவை. அவள் எழுதிய சி என்ற புரோகிராம் மொழியின் விதி அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. எல்லை தாண்டினால், எழுதியதை எந்திர மொழிக்கு மாற்றித்தரும் கம்பைலர் தன் இஷ்டத்துக்கு எதையும் செய்யலாம். இது ஜெசிந்தாவுக்கு நன்றாகவே தெரியும். "இத்தினி வருசமா ஓடிக்கினுதானே இருக்குது" என்று விட்டுவிட்டாள். வேலை தெரிந்தவர்களின் சோம்பேறித்தனம் இப்படித்தான் இருக்கும்.

போன கார்த்திகையில் லேப்டாப்பை மாற்றினாள், கம்பைலரும் புதிதாயிற்று. புதியது மகா கெட்டி. அந்த எண் எல்லை தாண்டவே தாண்டாது என்று தானாக முடிவுகட்டி, தாண்டியதா என்று பார்க்கும் வரியை வெட்டியெறிந்துவிட்டது. ஒரு தாள் அச்சடித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அரையாண்டுத் தேர்வுக்குப் பத்தொன்பது பிரதிகள் ஓடியபோது, கடைசிப் பிரதியில் எண் எல்லையைத் தாண்டியது. இரண்டு கேள்விகள் தாளில் விழவில்லை.

வரலாற்று ஆசிரியர் ஆனந்தராஜ் சரிபார்த்தது அந்தக் கடைசிப் பிரதியைத்தான். அவருக்கும் பார்வை கிடையாது. ஆனால் கேள்விகள் அவரே எழுதியவை, மனப்பாடம். இல்லாத கேள்விகளையும் படித்ததாக நினைத்துக்கொண்டு விரல் போய்விட்டது.

தை மாதம் அவரே போன் செய்தார்.

"ரோஜா பெட்டி கட்டிக்கினு ஊருக்குக் கிளம்புதும்மா. பரீட்சையில ரெண்டு கேள்விய உட்டுடுச்சு. என் விரலு சரியில்ல, இனிமே படிக்கமாட்டேன்னு ஒரே அழுகை. நீங்க சொன்னா கேக்கும், வந்து நாலு வார்த்தை சொல்லுங்களேன்."

ரோஜாவுக்குப் பதினேழு வயது. பார்வை போய், இரண்டு வருடம் முன்புதான் பிரெய்ல் கற்றவள்.

இரண்டு கேள்வி என்றதும் ஜெசிந்தாவுக்குப் புதிய கம்பைலர் ஞாபகம் வந்தது. உடனே அதே கேள்வித்தாளை லேப்டாப் திரையிலேயே பத்தொன்பது முறை ஓட்டிப் பார்த்தாள். பத்தொன்பதாவதில் இருபத்திரண்டாவது கேள்வியும் இருபத்துமூன்றாவதும் காணோம்.

கம்பைலருக்கு ஒரு கட்டளை கூடுதலாகக் கொடுத்தால் எண் பழையபடி சுழலும். ஐந்து நிமிட வேலை, ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ரோஜா மட்டும் ஆயுசுக்கும் தன் விரலைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பாள். ஜெசிந்தா அந்த மூன்று வரிகளையும் அழித்து ஒழுங்காக எழுதினாள். பிறகு கடையைப் பூட்டிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினாள்.

விடுதியில் ரோஜா பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். ஆனந்தராஜ் பக்கத்தில் நின்றார்.

"தப்பு உன் விரல்ல இல்ல ரோஜா. நான் எழுதின புரோகிராம்ல. உன் பேப்பர்ல அந்த ரெண்டு கேள்வியே விழல."

"நான் தடவிப் பாத்தேனேம்மா" என்றார் ஆனந்தராஜ்.

"உங்களுக்குத்தான் அது மனப்பாடமாச்சே சார்."

அவர் முகம் சுண்டிப்போனது.

ரோஜா பெட்டியைத் திறந்து அந்தக் கேள்வித்தாளை எடுத்தாள். மடியில் விரித்து வரி வரியாகத் தடவினாள். இருபத்தொன்றாம் கேள்விக்குக் கீழே, வெறும் தாளில் விரல் நின்றது.

"அன்னிக்கும் இங்கதான்க்கா நின்னுச்சு. கால் மணி நேரம் இங்கியே தடவிக்கினு இருந்தேன். கேக்க வெக்கமா இருந்துச்சு."

"என்னை மன்னிச்சுடும்மா" என்றாள் ஜெசிந்தா.

ரோஜா இன்னொரு முறை அந்த இடத்தைத் தடவினாள்.

"இல்லாதத இல்லன்னுதான் விரலு சொல்லியிருக்குது. நான்தான் நம்பல."