நாங்கள் முதலில் போட்ட வெள்ளம்

எங்கள் செய்திச் சேனலில் முந்திப் பதிவு போடுகிறவன்தான் நிருபர். விசாரித்துப் போடுகிறவனுக்கு ஆறின டீதான் மிச்சம்.

அன்று காலை மன்னார்புரம் டீக்கடையில் நின்றபோது வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஸ்ரீரங்கத்தில் காவிரி படித்துறையை மூழ்கடித்து ஓடியது. யாரோ அதன்மேல் பாட்டு வேறு ஏற்றியிருந்தார்கள். டீயை வைத்துவிட்டு, 'கரைபுரளும் காவிரி!' என்று சேனலின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் லைக்குகள் குவிந்தன. சென்னையிலிருந்து எடிட்டர் கூப்பிட்டு, "பிரமாதம்! நாமதான் ஃபர்ஸ்ட்!" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் வடை வாங்கிக் கொடுத்தேன்.

அப்போதுதான் ஸ்ரீரங்கத்திலிருந்து மனைவி போன் செய்தாள். பேச்சே வரவில்லை, அவ்வளவு சிரிப்பு.

"ஏங்க, உங்க வெள்ளத்தைப் பார்த்துட்டுப் படித்துறைக்கு ஓடி வந்தேன். தண்ணி கணுக்காலுக்குக்கூட வரலைங்க!"

"அப்போ அந்த வீடியோ?"

"ஓரத்துல ஒரு பச்சைக் குடை மிதந்து போகுது பாருங்க. சிவப்புத் துணியில நான் ஒட்டுப்போட்டது. போன வருஷ வெள்ளத்தை நீங்க வீடியோ எடுத்தப்போ, ஆத்தோட விட்டுட்டு வந்தீங்களே, அதே குடை!"