அப்பா கழுவாத மல்லிகை

எங்கள் தெருவில் அப்பாவுக்குக் கைராசிக்காரர் என்று பெயர். வேலையைத் தட்டிக்கழித்த ஒரு சாயங்காலத்தில் அவர் சம்பாதித்த பெயர் அது.

அம்மா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் வேலை பார்த்தாள். பக்கத்து அறை தீப்பிடித்ததைக் கண்ட நாளிலிருந்து, காலையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தாலே அவள் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள். வீட்டுக்குப் பின்னால் கிடந்த துண்டு நிலத்தில் மல்லிகை போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று வேலையை விட்டு நின்றுவிட்டாள். ஆமத்தூர் மாமா ஒரு சாக்கு நிறைய வேர்விட்ட செடிகளை மண்ணோடு கொண்டுவந்து இறக்கினார்.

சாக்கைப் பிரித்ததும் அம்மாவின் முகம் மாறியது. வேரைச் சுற்றிய மண்ணில் பஞ்சைப் பிரித்துப் போட்டதுபோல வெள்ளை இழைகள். கம்பெனியில் கையில் பட்ட மருந்தையும் தரையில் சிந்தியதையும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவியாக வேண்டும். அந்தப் பழக்கம் அவளுக்கு ஊறிப்போயிருந்தது.

"என்னங்க இது, வெள்ளை வெள்ளையாப் பூத்துக் கெடக்கு! இத அப்படியே வச்சா செடி வெளங்குமா?"

ஒவ்வொரு செடியாக வாளித் தண்ணீரில் முக்கி, சேமியா மாதிரிப் பளிச்சென்று ஆகும்வரை வேரை அலசினாள். தண்ணீர் மாற்றுவது என் வேலை. எனக்கு ஒரே குதூகலம். கடைசிச் செடி அப்பாவின் பங்குக்கு வந்தது.

"ஒத்தைச் செடிக்கு இன்னொரு வாளித் தண்ணியா? கெடக்கட்டும்" என்று மண்ணோடு நட்டுவிட்டு அவர் டீக்கடைக்குப் போய்விட்டார்.

கோடைக்குள் அம்மா நட்டவை ஒவ்வொன்றாகக் காய்ந்தன. அப்பாவின் செடி மட்டும் மொட்டுவிட்டது.

"அண்ணாச்சி கைராசிக்காரக. எம்புட்டுச் செழிப்பா நிக்கிது பாத்தீகளா!" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. அப்பா மறுக்கவில்லை. இன்றைக்கும் யாராவது வீடு கட்டினால் கன்று நட அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். வேட்டி மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். தன் கை ராசியில்லாத கை என்று அம்மா நம்பிவிட்டாள்.

வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சையைப் பிற்பாடு கல்லூரியில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தேன். வேர் எட்டாத இடத்திலிருந்து அது தண்ணீரும் சத்தும் கொண்டுவந்து கொடுக்கும். பதிலுக்குச் செடி, தன் இலையில் சமைத்த சர்க்கரையில் பங்கு தரும். அம்மா பார்த்த வெள்ளை அதுதானா என்று அடித்துச் சொல்ல முடியாது. அலசியதில் வேர்நுனிகளும் அறுந்திருக்கும். எதுவானாலும், அந்தக் கூட்டாளியையும் சேர்த்துத்தான் வாளி வாளியாகச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறோம்.

செடிகள் காய்ந்த அந்த வருஷமே, பட்டாசு சீசன் தொடங்கியதும் அம்மா மறுபடி கம்பெனி வேலைக்குப் போனாள். தீபாவளிக்குக் கம்பெனியில் பட்டாசுப் பெட்டி கொடுப்பார்கள் என்று நான் தெருமுழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முதல் நாள் காலையில் வேன் ஹாரன் அடித்த பிறகும் அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள். வேன் போய்விடப் போகிறதே என்று நான்தான் அவளைப் பிடித்துத் தள்ளினேன்.