எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு மனு

முகாம் விதிகளில் ஒன்பதாவது விதி இது: முகாமை இடையில் விட்டுச் செல்ல விரும்புபவர் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும், அன்று சூரியன் மறைவதற்குள் நிர்வாகம் பதில் தர வேண்டும். இதை விமானத்திலேயே படித்து அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். மற்றவர்கள் ஜன்னல் வழியாக மேகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருவாய்த் துறையில் காலம் தள்ளியவன், ஓர் இடத்துக்குள் நுழையும் முன் வெளியேறும் வழியைத்தான் படிப்பான்.

திருவள்ளூரிலிருந்து பாலித் தீவுக்கு யோகா கற்கப் போகிறோம் என்றபோது, கலெக்டர் அலுவலக வாசல் டீக்கடையில் பழைய சகா ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "இன்னா சார், நம்ம ஊர்ல மூச்சு வுட்டா வரி போட்டுட்டாங்களா?"

எனக்கும் அதே கேள்விதான். ஆனால் ஆசை என் மனைவியுடையது. மூட்டு வலிக்காக ஸ்டேஷனுக்குப் பின்னால் கல்யாண மண்டப மாடியில் நடக்கும் யோகா வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அந்த வகுப்பு ஆசிரியர் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு கூட்டத்தை வெளிநாட்டு முகாமுக்கு அழைத்துப் போவார். ஒருநாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "நீங்க வரலைன்னா பரவால்லீங்க. நான் மத்தவங்களோட போய்க்கினு வந்துடறேன்."

அதுவரை நான் இல்லாமல் அவள் தனியாகப் போன அதிகபட்ச தூரம், கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் உள்ள அவள் அம்மா வீடு. அதற்கும் பஸ்ஸில் இடம் பிடித்து உட்காரவைத்து, கண்டக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் நான் இறங்குவேன். விண்ணப்பத்தை வாங்கி, 'தம்பதியர்' என்ற கட்டத்தில் குறியிட்டு, இரண்டு பேருக்கும் நானே பூர்த்தி செய்தேன்.

போய் இறங்கிய உடனே போன், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் ஒரு மூங்கில் கூடையில் வாங்கிக்கொண்டார்கள். பத்து நாள் பேசக் கூடாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கணவன் மனைவியானாலும் சைகை காட்டக் கூடாது. கூடையில் முதலில் போனைப் போட்டவள் என் மனைவி. போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ரத்த அழுத்த மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். விதி அமலுக்கு வந்துவிட்டது.

என் அறைக்கு வாய்த்தவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். உலைச் சத்தத்தில் காது பாதி போனவர். தான் ரகசியமாகப் பேசுவதாக நினைத்து அவர் பேசுவது மூன்று அறைக்குக் கேட்கும். முதல் ராத்திரியே, "நைனா, இங்க காப்பி கெடையாதாமே? பேஜாராப் பூடும்" என்றார். பக்கத்து அறையில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள்.

காப்பி உண்மையிலேயே இல்லை. உப்பில்லாத பூசணிக்காய் இருந்தது, வெந்த பப்பாளி இருந்தது, இஞ்சி வெந்நீர் இருந்தது. வெறுங்காலோடு திரியும் ஓர் ஆஸ்திரேலியர் எங்களுக்கு நமஸ்காரம் செய்யக் கற்றுக்கொடுத்தார். எந்த வேலையும் இல்லாதவரைப் போல மூச்சு விடுங்கள் என்றார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் வேறெப்படியும் மூச்சு விட்டதில்லை. மற்றவர்கள் கண்ணை மூடி உள்ளே போனார்கள். நான் கண்ணை மூடினால் வீட்டு மோட்டாரை அணைத்தோமா என்ற இடத்துக்குத்தான் போனேன். சுற்றிலும் பச்சைப் பசேலென்று படிப்படியாக நெல் வயல். அழகுதான். தப்பிக்க முடியாத இடங்களில் அழகு ஒருவிதமாக எரிச்சல் மூட்டும்.

சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும் தூரத்தில் மனைவி தெரிவாள். மூன்றாம் நாள் கவனித்தேன். உட்கார்ந்து சாப்பிட்டாள். அதாவது, உட்கார்ந்தவள் தட்டு காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை. யாருக்கும் மோர் கொண்டுவர எழவில்லை, அடுப்பைப் பார்க்க எழவில்லை. பப்பாளியைச் சின்னச் சின்னதாக வெட்டி நிதானமாக மென்றாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததாக நினைவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. காப்பி இல்லாததால் வந்த தலைவலி என்று அன்று நினைத்தது, அதனால் மட்டும் வந்ததல்ல.

மறுநாள் காலை மனு எழுதினேன். ஒன்பதாவது விதியை மேற்கோள் காட்டி, உடல்நிலையைக் காரணம் காட்டி, 'எனக்கும் என் மனைவிக்கும் முகாமிலிருந்து செல்ல அனுமதி வழங்குமாறு' கேட்டேன். ரேஷன் கார்டிலிருந்து வீட்டு வரிவரை எல்லா விண்ணப்பமும் நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். குடும்பத்துக்கு ஒரு மனு, ஒரு கையெழுத்து. அலுவலகப் பெண் வாங்கிக்கொண்டாள். ஒப்புகை கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. நகலில் முத்திரை வேண்டும் என்று உள்ளங்கையில் குத்துவதுபோல் சைகை செய்தேன். அவள் யோசித்து, நகலின் ஓரத்தில் ஒரு தாமரைப்பூ வரைந்து கொடுத்தாள்.

சூரியன் மறைந்தது. பதில் இல்லை.

"சார், இன்னாத்துக்கு மனு? கேட்டு தொறந்துதான் கீது" என்றார் ஃபோர்மேன். "நான் நேத்து போய் ரோட்டாண்ட கடையில காப்பி குடிச்சிட்டு வந்தேன். ஒருத்தனும் கேக்கல. போறதுன்னா போய்க்கினே இரேன்."

"அனுமதி வரணும்."

"வராட்டி?"

"நினைவூட்டுக் கடிதம் அனுப்பணும்."

அவர் கட்டிலில் என் பக்கம் புரண்டார். "ஏன் சார், ரிட்டயர் ஆனது நீதானே? உன் ஆபீசு இல்லியே?"

அடுத்த நாள் அலுவலகத்துக்குப் போய் நின்றேன். அந்தப் பெண் பேச அனுமதி உள்ளவள். மெல்லிய குரலில் விளக்கினாள். மனுவில் இரண்டு பேர் இருக்கிறார்கள், கையெழுத்து ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே அதை என் மனைவியிடம் கொடுத்து, அவருக்கும் போக விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பதில் சொன்னதும் எனக்குச் சொல்வார்கள். நான் மட்டும் போவதானால் இப்போதே வண்டி வரும்.

இந்த நடைமுறையில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கிராம அலுவலர் மேல் புகார் வந்தால் அதை அந்தக் கிராம அலுவலருக்கே அனுப்பி அறிக்கை கேட்கும் துறையில் இருந்தவன் நான். அப்படி அனுப்பிய கோப்புகள் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

அன்று மதியம் கூடத்தில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மடித்த காகிதம் அவள் ரவிக்கைக்குள் இருந்ததோ, அறையில் தலையணைக்கடியில் இருந்ததோ தெரியாது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தட்டைக் கழுவிவைத்துவிட்டு, எங்கள் ஊர்ப் பெண்கள் கூட்டத்தோடுகூட இல்லாமல், தனியாக வயல் வரப்பில் நடந்து போனாள். அப்போதுதான் அந்தக் கேள்வி எனக்கு முழுசாக வந்தது. இவளுக்கு வர விருப்பமில்லையோ? முகாமிலிருந்து வருவதை மட்டும் நான் நினைக்கவில்லை. திருவள்ளூருக்கு, மாடி வீட்டுக்கு, காலையில் பேப்பரும் கையுமாகச் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, பருப்பு எத்தனை விசில் என்று விசாரிக்கும் மனிதரிடத்துக்கு.

அன்று சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். காவலாளி கைகூப்பி இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டான். எதிரே ரோடு. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் ஸ்கூட்டரில் மூன்று மூன்று பேராகப் போனார்கள். ஃபோர்மேன் சொன்ன கடையிலிருந்து காப்பி வாசனை வந்தது. ஓர் அடி எடுத்து வைத்தால் நான் சுதந்திரமானவன். அங்கே நின்றபோதுதான் மூச்சு முட்டியது. உள்ளே அடைபட்டிருந்தபோதுகூட அப்படி இல்லை. விமான நிலையத்தில் தனியாக இறங்கி, காரில் தனியாக வந்து, கதவைத் திறந்து விளக்கைப் போட்டு, பிறகு? அந்த 'பிறகு'க்கு என்னிடம் எந்த விதியும் இல்லை. காவலாளி கைகூப்பியபடியே காத்திருந்தான். நானும் கைகூப்பிவிட்டு அறைக்குத் திரும்பினேன்.

"இன்னா சார், கேட்டு பூட்டிக்கினானா?" என்றார் ஃபோர்மேன். பதில் சொல்லவில்லை. மௌன விதியை நான் மனமறிந்து கடைப்பிடித்தது அந்த ஒரு முறைதான்.

மிச்ச நாட்கள் எப்படியோ போயின. கடைசி நாள் மௌனத்தை விலக்கியதும் எங்கள் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் பேசியது. திருப்பாச்சூர் திருவிழாபோல் இருந்தது. மனைவி என்னிடம் வந்து, "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள். போட்டேன் என்றேன். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விமானத்தில் இல்லை, வீட்டுக்கு வந்து முதல் காப்பியை ஆற்றிக் கொடுத்தபோதும் இல்லை. நிலுவையில் உள்ள கோப்புக்கு நினைவூட்டு அனுப்பும் முறை எனக்குத் தெரியும். நாக்கு வரைக்கும் வந்தது பல தடவை. அனுப்பவில்லை. நினைவூட்டினால் பதில் வந்துவிடும் என்பதுதான் பயம்.

அவள் காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரத் தொடங்கினாள். அந்த நேரத்துக்கு எனக்கு நானே காப்பி போட்டுக்கொள்ளப் பழகினேன். முதல் வாரம் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. கதவு திறக்கவில்லை. நாற்காலியைச் சமையலறை வாசலிலிருந்து வெளிவராந்தாவுக்கு மாற்றிப் போட்டேன். யாரும் மாற்றச் சொல்லவில்லை.

பிறகு பூஜை வந்தது. சாமி முன்னால் புத்தகங்களையும் என் பேனாவையும், அவளுடைய அரிவாள்மணையையும் அடுக்கி, சந்தனப் பொட்டு வைத்தாள். பொரி, கடலை, பழம். சூடம் காட்டி முடித்து, பீரோவைத் திறந்து, நாலாக மடித்த காகிதத்தை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். என் மனு. ஓரத்தில் எதுவும் எழுதப்படவில்லை.

"அங்கயே கேட்டாங்க. இன்னா சொல்றதுன்னு தெரியல, கொண்டாந்துட்டேன்" என்றாள். "அடுத்த தபா உங்குளுக்கு மட்டும் எழுதிக்கோங்க. எனக்கு எங்கனா போணும்னாலும் வரணும்னாலும் நான் எழுதிக்கிறேன்."

தலையாட்டினேன்.

பொரியை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். "கேட்டாண்ட பையோட நின்னீங்களே அன்னிக்கு. நான் சாயங்காலமும் வரப்புலதான் இருந்தேன், பாத்துக்கினே இருந்தேன். போய்டுவீங்கன்னு நெனச்சேன்." கொஞ்சம் மென்றாள். "திரும்பிப் பூட்டீங்க. சரி, முகாம் முடிஞ்சதும் நானும் ஊட்டுக்குத்தான் வரணும்னு அப்போ முடிவு பண்ணிக்கினேன்."

பதில் கிடைத்த தேதியைக் குறித்துக்கொள்ளப் பேனாவைத் தேடினேன். அது சாமி முன்னால் பொட்டோடு இருந்தது. அன்று சரஸ்வதி பூஜை.